பழைய காகிதமும் உறைகளும்: எவை மீண்டும் பயன்படும்?

நகரத்தின் குப்பையை ஊருக்கு வெளியே கொட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவி வந்தது. அது தவறு என்பதைத் திருவனந்தபுரம் பட்டறிந்து உணர்ந்தது. 2000-ஆம் ஆண்டில் விளப்பில்சாலையில் தொடங்கப்பட்ட குப்பை பதனிடும் நிலையம், காற்றும் நீரும் மாசுபடுவதை எதிர்த்து அவ்வூர் மக்கள் நடத்திய போராட்டத்தின் விளைவாக 2011 டிசம்பரில் மூடப்பட்டது. அதன்பின், குப்பையை அது உண்டாகும் இடத்திலேயே பிரித்துக் கையாளும் முறையை மாநகராட்சி மேற்கொண்டது. இன்று காகிதம், பிளாஸ்டிக் போன்ற உலர்ந்த பொருள்களை ஹரித கர்ம சேனை மகளிர் வீடு வீடாகச் சென்று பெறுகின்றனர்.

எனினும், பெறப்படும் பொருள்கள் அனைத்தும் ஆலைக்குச் செல்வதில்லை. பொருள் ஒரே வகையால் ஆனதா, தூய்மையாக உள்ளதா என்னும் இரண்டு கேள்விகளே இதனை முடிவு செய்கின்றன.

காகித வகைகள்

செய்தித்தாள், நோட்டுப் புத்தகம், அலுவலகத் தாள், அட்டைப் பெட்டி ஆகியவை மறுசுழற்சிக்கு ஏற்றவை. ஆலையில் இவற்றை நீரில் கூழாக்கி, மை நீக்கி, மீண்டும் தாளாக்குகின்றனர். அண்டை மாநிலமான தமிழ்நாட்டில், புகளூர் காகித ஆலை நாளொன்றுக்கு 300 டன் திறனுள்ள மை நீக்கும் பிரிவை 2013-இல் நிறுவியது. ஒவ்வொரு சுழற்சியிலும் காகித இழை குறுகுவதால், ஏறத்தாழ 5 முதல் 7 முறை வரையே அதனைப் பயன்படுத்த இயலும். எண்ணெய் தோய்ந்த தாள், மெழுகுத் தாள், கார்பன் தாள், கடைகளில் தரப்படும் வெப்ப அச்சு ரசீது ஆகியவற்றைப் பழைய தாளுடன் சேர்த்தல் கூடாது.

உறைகளும் கலன்களும்

பால் உறை பாலிஎத்திலீன் என்னும் ஒரே வகைப் பிளாஸ்டிக்கால் ஆனது. கழுவி உலர்த்தினால் மீண்டும் பயன்படும். தண்ணீர் பாட்டில்கள் துணி இழையாக மாறுகின்றன. கண்ணாடியையும் உலோகத்தையும் திரும்பத் திரும்ப உருக்கலாம். பழைய அலுமினியத்தை உருக்க, தாதுவிலிருந்து அதனைப் பிரித்தெடுக்கத் தேவைப்படும் ஆற்றலில் சுமார் 5 சதவீதமே போதும். ஆனால் பிஸ்கட், சிப்ஸ் உறைகளில் பல அடுக்குகள் ஒட்டியிருப்பதால் அவற்றைப் பிரிப்பது கடினம்; பெரும்பாலும் சிமெண்ட் சூளைகளில் எரிபொருளாகவே அவை பயன்படுகின்றன. காகிதம், பிளாஸ்டிக், அலுமினியம் மூன்றும் இணைந்த பழச்சாறு அட்டைப் பெட்டிகளுக்குத் தனி ஆலைகள் தேவை.

பொருளாதார நோக்கு

நம் நாடு பழைய காகிதத்தை வெளிநாடுகளிலிருந்து இறக்குமதி செய்கிறது. அதே வேளையில், குழம்பு பட்ட ஒரு பொட்டலம் மூட்டையிலுள்ள நல்ல தாளையும் பாழாக்குகிறது. இதனால் அந்நியச் செலாவணி மட்டும் விரயமாவதில்லை. வீட்டார் செலுத்தும் கட்டணத்துடன், சேகரித்த பொருளின் விற்பனையும் சேனை மகளிரின் வருவாயாகும். ஆகவே அவர்களது உழைப்பின் பயனும் குறைகிறது. விளப்பில்சாலை போன்ற நிலை மற்றோர் ஊருக்கு நேராமல் தடுக்கும் பணி, நம் ஒவ்வொருவர் சமையலறையிலும், பால் உறையைக் கழுவி உலர்த்துவதில் தொடங்குகிறது.