உங்களுக்குத் தெரியுமா? குள்ளப் பேத்தைக்கு இரை அசைய வேண்டும்!

கேரளத்தின் பம்பை முதலான ஆறுகளில் வாழும் குள்ளப் பேத்தை, உலகின் மிகச் சிறிய பேத்தை மீன்களுள் ஒன்று. நீளம் சுமார் 3 செ.மீ.தான். 1941-இல் ஹோரா, நாயர் ஆகிய விலங்கியலாளர்கள் இதை முதன்முதலில் விவரித்தனர்.

வீட்டுத் தொட்டிக்கு வந்ததும், உலர் தீவனத்தைத் தொடாமல் இது பட்டினி கிடப்பதுண்டு. அசையும் இரையைக் கண்ணால் பார்த்து வேட்டையாடுவதே இதன் இயல்பு.

• முதலில் சிறு நத்தைகளையும் உயிருள்ள ரத்தப்புழுக்களையும் கொடுங்கள்.

• பழகியபின், உறைந்த ரத்தப்புழுவை உருகவிட்டு, இடுக்கியால் பிடித்து மீனின் முன் மெல்ல ஆட்டுங்கள்.

• மீந்த இரையை உடனே அகற்றுங்கள். அழுகினால் நீரில் அம்மோனியா கூடும்.

• நன்றாகத் தின்றும் வயிறு ஒட்டியே இருந்தால் குடற்புழு காரணமாகலாம். மீன் மருத்துவம் அறிந்தவரிடம் கேளுங்கள்.