அலுமாரி இல்லாத கிட்டங்கி

ஒரு வர்த்தக நிலையத்தில் நாள்தோறும் வந்து குவியும் பதிவுகளை இருவகையாகப் பிரிக்கலாம். பேரேட்டிற் பதியத்தக்கவை ஒரு வகை. இன்னார், இன்ன திகதியில், இத்தனை ரூபா செலுத்தினார் என்று கட்டம் போட்டு வரிசையாக எழுதிவிடலாம். வேண்டியபோது கூட்டிப் பார்க்கலாம். மற்றை வகை எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காதது. வாடிக்கையாளர் எழுதிய முறைப்பாட்டுக் கடிதம், ஒப்பந்தத்தின் நிழற்பிரதி, கப்பலேறிய தேயிலைப் பெட்டிகளின் படம், தொலைபேசி உரையாடலின் ஒலிப்பதிவு, காவற் கமரா இரவு முழுவதும் பிடித்த காட்சி என இதன் பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

அந்நாட் கந்தோர்களில் இலிகிதர் ஒருவர் இவற்றையெல்லாம் கோவையிலே கட்டி, கோவையை அலுமாரியில் வைத்து, அலுமாரிக்கும் ஓர் இலக்கமிட்டு வைத்தார். கணினி வந்த பின்னரும் அந்த இலிகிதருடைய வழக்கமே தொடர்ந்தது. கோப்பு, அதனை வைக்க ஒரு கோப்புறை, அந்தக் கோப்புறையை வைக்க இன்னொரு கோப்புறை என்ற ஒழுங்கு அவருடைய அலுமாரியின் நிழலேயன்றி வேறில்லை. கோப்புகள் ஆயிரமாக இருக்கும்வரை இதனால் ஒரு தீங்கும் இல்லை, இலட்சமானாலும் சமாளிக்கலாம். ஆயிரங்கோடிக் கணக்கிற் பெருகினால் என்ன நேரும் என்பதைக் கற்பனை செய்யவேண்டியதில்லை. பேஸ்புக் நிறுவனத்தின் பொறியியலாளர்கள் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையொன்றிலே தாம் பட்ட பாட்டை விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

அவ்வாண்டில் அவர்களிடம் 26,000 கோடிக்கு மேற்பட்ட படங்கள் இருந்தன. அவற்றின் அளவு 20 பெட்டாபைட்டைத் தாண்டியது. ஒரு பெட்டாபைட் என்பது ஆயிரம் டெராபைட். நமது மேசைக் கணினி ஒன்றின் வன்தட்டிலே ஓரிரு டெராபைட் அடங்கும் என்பதை நினைவிற் கொண்டால் அந்தக் குவியலின் பருமன் ஒருவாறு புலப்படும். வாரந்தோறும் நூறு கோடி புதிய படங்கள் வந்து சேர்ந்தன. பார்ப்போர் தொகை உச்சத்தில் இருக்கும் வேளையில் ஒரு செக்கனுக்குப் பத்து இலட்சம் படங்களை எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

இடையூறு வந்தது எங்கே என்பதைக் கவனிக்க வேண்டும். வன்தட்டிலிருந்து ஒன்றைப் படிப்பதென்றால், கிராமபோன் பெட்டியின் ஊசிக்கை போன்ற ஒரு கை, சுழலும் தட்டின்மேல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்து செல்ல வேண்டும். ஒரு கோப்புறையில் ஆயிரக்கணக்கான படங்களை இட்டு வைத்த காலத்தில், ஒரேயொரு படத்தை எடுப்பதற்குத் தட்டினைப் பத்துத் தடவைக்கு மேல் நாட வேண்டியிருந்ததாம். கோப்புறை ஒன்றில் நூற்றுக்கணக்கான படங்களே இருக்குமாறு குறைத்த பின்னரும் மூன்று தடவை நாட வேண்டியிருந்தது. கோப்புறையின் விபரத்தைப் படிக்க ஒரு தடவை, கோப்பின் விபரத்தைப் படிக்க இன்னொரு தடவை, படத்தைப் படிக்க மூன்றாவது தடவை. படத்தைக் கேட்டவருக்குப் பயன்பட்டது அந்த மூன்றாவது தடவை மாத்திரமே.

முதலிரு தடவையும் படித்த விபரந்தான் யாது? கோப்பின் உடைமையாளர் யார், அதனை யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்பன போன்ற செய்திகள். பலர் கூடி வேலை செய்யும் கந்தோரில் இவை வேண்டியவையே. ஒரு குழந்தையின் பிறந்தநாட் படத்துக்கு இவற்றுட் பெரும்பாலானவை எதற்கு? அப்படம் ஒருமுறை எழுதப்படும், பலமுறை பார்க்கப்படும், ஒருபோதும் திருத்தப்படாது. இவ்விபரங்களை எல்லாம் வேகமான நினைவகத்தில் வைத்துக்கொள்ளலாமே என்றால், கோப்பொன்றுக்கு 536 பைட் வீதம் 26,000 கோடிக்கு நினைவகம் வாங்கிக் கட்டுப்படியாகாது.

ஆகவே அலுமாரியையே கைவிட்டார்கள். 100 ஜிகாபைட் கொள்ளும் பெரிய கோப்பு ஒன்றினை எடுத்து, அதன் முடிவிலே படங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு போனார்கள். பக்கத்திலே ஒரு பேரேடு. இன்ன இலக்கமுடைய படம் இன்ன இடத்தில் தொடங்குகிறது, அதன் நீளம் இத்தனை என்பது மாத்திரமே அதிற் பதியப்பட்டது. ஒரு படத்துக்குச் சராசரியாகப் பத்துப் பைட் போதுமாயிற்று. பேரேடு முழுவதும் நினைவகத்திலேயே இருந்தபடியால், படத்தை எடுக்கத் தட்டினை ஒரேயொரு தடவை நாடினாற் போதும். இந்த அமைப்புக்கு அவர்கள் இட்ட பெயர் ஹேஸ்டக், அதாவது வைக்கோற்போர். ஆயிரக்கணக்கான கோடி ஊசிகளைப் போட்டு, கேட்டவுடன் கேட்ட ஊசியை எடுத்துத் தரும் வைக்கோற்போர்! பொறியியலாளருக்கும் நகைச்சுவை உண்டு என்பதற்கு இது போதிய சான்று.

இவ்வாறு அடுக்கடுக்கான கோப்புறைகளை நீக்கி, ஒவ்வொரு கடிதத்தையும் படத்தையும் ஒலிப்பதிவையும் தனித்தனிப் பொருளாகக் கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரையும் ஒரு விபரச்சீட்டையும் கட்டி வைக்கும் முறைக்கு ஒப்ஜெக்ட் ஸ்டோரேஜ் என்று பெயர். பொருட் சேமிப்பு என்று நாம் வழங்கலாம். ஹேஸ்டக் ஒரு நிறுவனம் தன் தேவைக்கென அமைத்துக்கொண்டது. எவரும் வாடகைக்குப் பெறத்தக்க பொதுக் கிட்டங்கியாக இம்முறையைத் திறந்து வைத்தது அமேசன் நிறுவனம். எஸ்-3 என்னும் அந்தச் சேவை 2006ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் திகதி ஆரம்பமாயிற்று. ஒரு ஜிகாபைட்டுக்கு மாதமொன்றுக்கு 15 அமெரிக்கச் சதம் என்பது அப்போதைய வாடகை.

புகையிரத நிலையத்துப் பொதிக் காப்பறையை அறிந்தவர்களுக்கு இதன் நடைமுறை எளிதில் விளங்கும். பொதியைக் கொடுக்கிறோம், சீட்டைப் பெறுகிறோம், சீட்டைக் காட்டிப் பொதியை மீட்கிறோம். அது எந்த இறாக்கையில் இருந்தது, நடுவிலே எத்தனை முறை இடம் மாறியது என்று நாம் கேட்பதில்லை. பழைய இறாக்கை உக்கினால் காப்பாளர் புதியதை வாங்கிப் பொதியை மாற்றி வைப்பார். நமது சீட்டு மாறாது. கிட்டங்கி வரையறையின்றி வளரக்கூடியதாயிருப்பதன் இரகசியம் இதுவே.

இன்னொரு விதியும் உண்டு. நொத்தாரிசு முடித்த காணி உறுதியிலே ஒரு வரியைச் சுரண்டித் திருத்த முடியாது. புதிய உறுதியே முடிக்க வேண்டும். அதுபோலவே, இங்கே வைத்த பொருளின் நடுவில் ஓரெழுத்தை மாற்ற வேண்டுமானாலும் முழுப் பொருளையும் புதிதாக எழுதி வைப்பதே பொதுவான வழக்கம். ஆகையால், நிமிடந்தோறும் மாறுகின்ற வங்கிக் கணக்கு மீதியை வைக்க இது ஏற்ற இடமன்று. அதற்குப் பேரேடு போன்ற பழைய தரவுத்தளமே தகும். மலிவாக இருக்கிறது என்பதற்காக யாவற்றையும் இங்கே கொட்டுவோர் பின்னர் வருந்துவர். விபரச்சீட்டை ஒழுங்காக எழுதாதவர் நிலை இன்னும் மோசம். எக்ஸ்றே படத்தை வைக்கும் வைத்தியசாலை நோயாளியின் இலக்கம், எடுத்த திகதி, எத்தனை வருடம் காக்க வேண்டும் என்பவற்றைச் சீட்டிற் குறிக்காமல் விட்டால், படம் பத்திரமாக இருந்தும் என்ன பயன்?

இனி, பொருள்கள் அழியாமற் காக்கப்படும் விதத்துக்கு வருவோம். வன்தட்டுகள் பழுதடைவது இயல்பு. ஆயிரக்கணக்கில் வைத்திருப்போருக்கு அது நாளாந்தச் சம்பவம். ஒரே பிரதியை நம்பியிருப்பதன் ஆபத்தை 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தின் ஏட்டுச் சுவடிகள் எரிந்ததை அறிந்த எமது வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மூன்று பிரதிகளை வெவ்வேறு இடங்களில் வைப்பது முதல் வழி. நல்ல வழிதான், ஆனால் செலவும் மூன்று மடங்கு.

செலவைக் குறைத்துப் பாதுகாப்பைக் குறைக்காத வழியொன்றைக் கணிதம் முன்னரே செய்து வைத்திருந்தது. மாணவர்கள் ஒரு சதுரக்கோட்டுத் தாளும் அடிமட்டமும் எடுத்துக்கொள்ளட்டும். இரண்டு புள்ளிகளைக் குறித்தால் அவற்றினூடே ஒரேயொரு நேர்கோடுதான் செல்லும். அக்கோட்டின்மீதே மேலும் இரண்டு புள்ளிகளைக் குறியுங்கள். இப்போது நான்கு புள்ளிகளுள் எந்த இரண்டை அழித்தாலும், எஞ்சிய இரண்டைக் கொண்டு கோட்டை மீண்டும் வரையலாம். அழிந்தவை எந்த நிலைக்குத்துக் கோட்டில் இருந்தன என்பது தெரிந்தால் அவற்றையும் மீட்கலாம். அயர்விங் ரீட், குஸ்தாவ் சொலமன் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் இருவர் 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறு கட்டுரையின் கரு ஏறக்குறைய இதுவே. அவர்கள் நேர்கோட்டுக்குப் பதிலாக உயர்படிப் பல்லுறுப்பிகளைக் கையாண்டார்கள். இசைத்தட்டான சீடியிற் கீறல் விழுந்தாலும் பாட்டு நிற்காமல் ஓடுவதற்கு அவர்களுடைய முறையே காரணம்.

பேஸ்புக் நிறுவனம் 2014ஆம் ஆண்டில் விபரித்த எப்-4 என்னும் அமைப்பு இதனைப் பயன்படுத்தியது. தரவைப் பத்துக் கூறாக்கி, அவற்றிலிருந்து மேலதிகமாக நான்கு கூறுகளைக் கணித்துப் பதினான்கையும் பிரித்து வைத்தார்கள். அவற்றுள் எந்த நான்கு அழிந்தாலும் மற்றப் பத்தும் போதும். தொலைவிலுள்ள வேறு நிலையம் ஒன்றிலும் காப்புச் செய்தபோது மொத்தச் செலவு 2.1 மடங்காயிற்று. முன்னைய முறையில் அது 3.6 மடங்கு. 100 பெட்டாபைட்டைக் காக்க 360 பெட்டாபைட் தட்டு வாங்கிய இடத்தில் 210 போதுமானால், இலாபத்தை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

பொருள்கள் பத்திரமாயிருந்தும் பேரேடு கிடைக்காவிட்டால் என்னாகும் என்பதை 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் திகதி உலகம் கண்டது. அமெரிக்காவின் வட வேர்ஜீனியாவிலுள்ள எஸ்-3 நிலையங்களில், கட்டணக் கணக்கு வேலைக்கான சில சேர்வர்களை நிறுத்துவதற்காக ஊழியர் ஒருவர் கட்டளை தட்டினார். தட்டியதில் ஒரு பிழை நேர்ந்தது. நினைத்ததிலும் அதிகமான சேர்வர்கள் நின்றன. பொருள்களின் இருப்பிடத்தைச் சொல்லும் பேரேட்டுப் பகுதியும் அவற்றோடு விழுந்தது. அப்பகுதியைப் பல வருடங்களாக முழுமையாக நிறுத்தித் தொடங்கியதே இல்லை. சரிபார்த்து மீண்டும் இயக்க நான்கு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. எண்ணற்ற நிறுவனங்களின் தளங்கள் அதுவரை முடங்கிக் கிடந்தன. அமேசன் தன் சேவைகளின் நிலையை அறிவிக்கும் பலகையைக்கூட இரண்டு மணித்தியாலம் மாற்ற இயலவில்லை. அந்தப் பலகையும் அதே கிட்டங்கியை நம்பியிருந்தது!

அன்று பூட்டு மாத்திரமே திறக்கவில்லை; உள்ளிருந்தவை திரும்பக் கிடைத்தன. மனிதரே அழித்துவிட்டால் கதை வேறு. எஸ்-3இல் ஒரு கோடி பொருள்களை வைத்தால் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு ஒன்றுதான் தொலையும் என்ற கணக்கிலே அதனை அமைத்திருப்பதாக அமேசன் கூறுகிறது. அந்தக் கணக்கு தட்டுகள் பழுதாவதைப் பற்றியது. சாவியைப் பெற்றவர் வந்து அழி என்றால் கிட்டங்கி கீழ்ப்படிந்து அழித்துவிடும். 2014ஆம் ஆண்டு ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்னும் நிறுவனத்தின் கணக்கினுட் புகுந்த ஒருவர் பணம் கேட்டு மிரட்டி, சேமிப்புகளையும் அவற்றின் காப்புப் பிரதிகளிற் பெரும்பகுதியையும் அழித்தார். ஒரே சாவி இரண்டையும் திறந்தது. நிறுவனம் மூடப்பட்டது. குறித்த காலம் முடியும்வரை கணக்கின் உடைமையாளரே முயன்றாலும் அழிக்க முடியாதவாறு பொருளைப் பூட்டும் வசதியை அமேசன் 2018ஆம் ஆண்டில் ஏற்படுத்தியது. அதனைப் பயன்படுத்துவதும் விடுவதும் வாடகைக்காரர் பொறுப்பு.

நமது நாட்டிலும் இந்தப் பாடம் கற்பிக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசாங்கத்தின் கணினி மேகத்தை மிரட்டல் நிரல் ஒன்று தாக்கியது. மே 17ஆம் திகதி முதல் அன்றுவரை அரச மின்னஞ்சல்களிற் சேர்ந்திருந்த கடிதங்கள் மீளவில்லை. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. அந்த மூன்று மாதத்துக்குத் தாக்குதலுக்கு எட்டாத தனிப் பிரதி இருக்கவில்லை.

இதனிலும் பெரிய இழப்பு தென் கொரியாவில் நேர்ந்தது. அரச உத்தியோகத்தர்கள் தம் கணினியிலே கோப்புகளைச் சிதறவிடாமல் ஒரே இடத்தில் வைக்க வேண்டுமென்று ஜி-டிரைவ் என்னும் பொதுக் கிட்டங்கி அங்கே 2018ஆம் ஆண்டு முதல் நடந்து வந்தது. ஒவ்வொருவருக்கும் 30 ஜிகாபைட் இடம். 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 26ஆம் திகதி மாலை, தேஜோன் நகரிலுள்ள தேசிய தகவல் வள நிலையத்தில் லிதியம் மின்கலங்களை இடம் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தபோது தீப்பற்றியது. 96 அமைப்புகள் நேரே எரிந்தன. ஏனையவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு வேறிடங்களிற் பிரதி இருந்தது. ஜி-டிரைவில் இருந்த 858 டெராபைட்டுக்கு வெளியிடப் பிரதி இல்லை. கொள்ளளவு பெரியது, வேகம் குறைந்தது, ஆகையால் வெளியே பிரதி எடுக்க இயலவில்லை என்று அதிகாரிகள் விளக்கம் கூறினர்.

எல்லா வேலைக் கோப்புகளையும் அங்கேயே வைக்க வேண்டுமென்று கட்டளையிட்டிருந்த ஆளணி முகாமை அமைச்சே மிகுதியாகப் பாதிக்கப்பட்டது. கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவர்களிடம் கோப்பு இல்லை. முந்திய ஒரு மாதத்திலே தம் கணினியிற் தற்செயலாகத் தங்கியவற்றையும், மின்னஞ்சலில் அனுப்பியவற்றையும், கடதாசியில் அச்சிட்டு வைத்தவற்றையும் தேடி எடுத்து, உத்தியோகத்தர்கள் தம் கோப்புகளை மீண்டும் சேர்க்கத் தொடங்கினார்கள்.