சொந்த ஊரிலேயே தலைநிமிர்ந்து வாழலாம்!

சொந்த ஊரை விட்டுப் போக யார்தான் விரும்புவார்கள்?

பிறந்த வீடு, படித்த பள்ளிக்கூடம், கும்பிட்ட கோவில், ஓடி விளையாடிய தெரு. இத்தனையையும் விட்டுவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக பஸ் ஏறிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

அவர்கள் திருடவில்லை. கடன் வாங்கி ஏமாற்றவில்லை. பிறகு ஏன் போகிறார்கள்?

ஆண் பிள்ளை என்று வளர்க்கப்பட்டவர், "நான் பெண்" என்று உணர்கிறார். அவர் திருநங்கை. பெண் பிள்ளை என்று வளர்க்கப்பட்டவர், "நான் ஆண்" என்று உணர்கிறார். அவர் திருநம்பி. சிலருக்கு ஆண் மீது ஆணுக்கும், பெண் மீது பெண்ணுக்கும் காதல் பிறக்கிறது. வேறு சிலர், ஆண், பெண் என்று உடனே சொல்ல முடியாத உடல் அமைப்போடு பிறக்கிறார்கள்.

பெரிய பட்டணத்தில் கூட்டத்தோடு கூட்டமாக இருந்து விடலாம். சின்ன ஊரில் அப்படி முடியாது. அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்ற பயம் பெற்றோரைப் பிடித்துக் கொள்கிறது. பிள்ளைக்குக் கதவு சாத்தப்படுகிறது.

மந்தித்தோப்பில் மாடு வளர்த்தார்கள்

கதவு சாத்தப்பட்டவர்களுக்கு அடுத்த தொல்லை, வாடகை வீடு. கேட்ட இடத்தில் எல்லாம், "இல்லை" என்ற பதில்தான் வரும்.

வீடு இல்லை என்றால் கதவு எண் இல்லை. கதவு எண் இல்லை என்றால் ரேஷன் அட்டை வாங்குவது கஷ்டம். பாங்கியில் கணக்குத் தொடங்குவதும் கஷ்டம். கணக்கு இல்லாதவருக்குக் கடன் யார் கொடுப்பார்கள்? கடைசியில் கைநீட்டிப் பிழைக்கும் நிலை வருகிறது. அதையும் பார்த்து ஊர் ஏசுகிறது!

இந்தச் சங்கிலியை அறுத்துக் காட்டிய ஊர் ஒன்று உண்டு. தூத்துக்குடி மாவட்டத்தில், கோவில்பட்டிக்குப் பக்கத்தில் உள்ள மந்தித்தோப்புதான் அது.

அங்கே திருநங்கைகளுக்கு அரசு இடம் கொடுத்தது; வீடுகளும் கட்டிக் கொடுத்தது. 2020-ஆம் ஆண்டு திருநங்கைகளின் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. கடன் உதவியோடு 30 திருநங்கைகள் கறவை மாடு வாங்கினார்கள்.

பால் சங்கத்தில் பாலின் தரத்தையும் அளவையும்தான் பார்ப்பார்கள். கறந்தவர் யார் என்று பார்த்து விலை போடுவது இல்லை! தன் வீட்டு வாசலில், தன் மாட்டோடு, தன் பெயரிலேயே அவர் வாழலாம். ஒளிந்து கொள்ள வேண்டியது இல்லை.

சட்டம் என்ன செய்தது?

2008-ஆம் ஆண்டு தமிழக அரசு திருநங்கைகள் நல வாரியத்தை அமைத்தது. இந்தியாவிலேயே இதுதான் முதல் வாரியம். "திருநங்கை" என்ற மதிப்பான சொல்லும் அந்தக் காலத்தில்தான் மக்கள் வாயில் பரவியது. அதற்கு முன்பு தெருவில் சொன்ன சொற்களை இங்கே எழுத வேண்டாம்.

2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இவர்களை மூன்றாம் பாலினமாக ஏற்றுத் தீர்ப்பு அளித்தது. 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி இன்னொரு தீர்ப்பு வந்தது. வயது வந்த இருவர் மனம் ஒத்துப் பழகுவது, ஆணும் ஆணும் ஆனாலும், பெண்ணும் பெண்ணும் ஆனாலும், குற்றம் அல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது.

2019-ஆம் ஆண்டு, தூத்துக்குடியில் கோவிலில் நடந்த ஒரு திருமணம் ஐகோர்ட்டின் மதுரைக் கிளைக்கு வழக்காக வந்தது. மணமகள் ஒரு திருநங்கை. திருமணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்து விட்டனர். "இந்தத் திருமணம் செல்லும். பதிவு செய்யுங்கள்" என்று கோர்ட்டு உத்தரவிட்டது.

இன்ன பால் என்று உடனே சொல்ல முடியாத உடல் அமைப்போடு பிறக்கும் குழந்தைக்கு, அவசரப்பட்டு ஆபரேஷன் செய்யக் கூடாது என்றும் அதே தீர்ப்பு கூறியது. அந்த ஆண்டே தமிழக அரசும், உயிருக்கு ஆபத்து இருந்தால் அன்றி இந்த ஆபரேஷன் கூடாது என்று ஆணை போட்டது.

பாடம் கேட்ட நீதிபதி

மதுரையில் இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். வீட்டில் எதிர்ப்பு. இருவரும் சென்னைக்கு வந்து விட்டனர். "எங்கள் பெண்ணைக் காணவில்லை" என்று பெற்றோர் போலீசில் புகார் கொடுத்தனர். பெண்கள் பாதுகாப்புக் கேட்டு ஐகோர்ட்டுக்குப் போனார்கள்.

வழக்கை விசாரித்தவர் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ். இந்த விஷயத்தில் தமக்கே தெளிவு போதாது என்று அவர் வெளிப்படையாகக் கூறினார். மனநல நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்து கொண்டார். அதன் பிறகே, 2021-ஆம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி உத்தரவு போட்டார். இப்படிப்பட்டவர்களைப் போலீசார் தொல்லை செய்யக் கூடாது. "மாற்றிக் காட்டுகிறேன்" என்று சிகிச்சை செய்வதைத் தடுக்க வேண்டும் என்றார்.

ஒரு நீதிபதியே கேட்டுத் தெரிந்து கொண்டார் என்றால், பெற்றோர் கேட்டுத் தெரிந்து கொள்வதில் வெட்கம் என்ன?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

உங்கள் பிள்ளை ஒருநாள் உங்களிடம் வந்து, மனதில் உள்ளதைச் சொல்லக் கூடும். அப்போது என்ன செய்வது?

அடிக்காதீர்கள். அடியால் இது மாறாது. சொல்ல வந்த வாய்தான் அடைத்துப் போகும்.

மந்திரவாதியிடம் கொண்டு போகாதீர்கள். இது பேயும் அல்ல, நோயும் அல்ல. ஒரே பாலினத்தாரை விரும்புவதை உலக சுகாதார நிறுவனம் 1990-ஆம் ஆண்டே நோய்ப் பட்டியலில் இருந்து நீக்கி விட்டது. "மாற்றும் சிகிச்சை" செய்வது டாக்டர் தொழிலுக்கே தகாத நடத்தை என்று 2022-ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது.

"கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகி விடும்" என்று நினைக்காதீர்கள். உங்கள் பிள்ளையோடு, இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்வும் கெடும்.

படிப்பை நிறுத்தாதீர்கள். மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ் ஒரு திருநங்கை. தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் கற்றார். 2019-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார். கற்றுக் கொடுக்க ஒருவர் முன் வந்ததால் அல்லவா அந்தக் கலை நாட்டுக்குக் கிடைத்தது?

ஊராருக்கும் வேலை உண்டு. வீட்டுக்காரர் வாடகைக்கு வீடு தரலாம். கடைக்காரர் வேலை தரலாம். ஆசிரியர் வகுப்பில் கேலியை அடக்கலாம். பக்கத்து வீட்டுப் பெரியவர், "பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள் அப்பா" என்று ஒரு சொல் சொல்லலாம். அந்த ஒரு சொல் பெற்றோருக்கு எவ்வளவோ தைரியம் கொடுக்கும்.

"நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று பயப்படுகிறோம். அந்த நாலு பேரில் நாமும் ஒருவர்தானே!