மீன்குளத்தில் படரும் இழைப்பாசி

சாலாக் செலாத்தான் போன்ற கோலாலம்பூர்க் குடியிருப்புகளில், வீட்டு முற்றத்துக் குளங்களில் கோய் மீன் வளர்ப்போரை ஓயாமல் வருத்துவது, ஈரப் பஞ்சுபோல் கற்களைப் போர்த்திக்கொள்ளும் இழைப்பாசியாகும். குளிர்நாடுகளில் பனிக்காலம் அதன் வளர்ச்சியைத் தடுக்கிறது. ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணி நேரப் பகல் நீடிக்கும் மலேசியாவிலோ அத்தகைய ஓய்வு இல்லை. மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் உள்ள நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகிய சத்துகளே அதற்கு உரமாகின்றன.

பகலில் ஆக்சிஜனை வெளியிடும் பாசி, இரவில் அதையே உட்கொள்வதால், விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய் திறந்து தவிக்கின்றன. மயில்துத்தம் எனப்படும் தாமிர சல்பேட்டைக் கொட்டுவது இதற்குத் தீர்வன்று. தாமிரம் மீனுக்கே நஞ்சு என்பதோடு, ஒரே சமயத்தில் மடியும் பாசி அழுகும்போது எஞ்சிய ஆக்சிஜனும் தீர்ந்துவிடும். நுண்பாசியால் பச்சையாகும் நீரைத் தெளியவைக்கும் புற ஊதா விளக்கும், கல்லைப் பற்றிய இழைகளை எட்டுவதில்லை.

இழைகளைக் குச்சியில் சுற்றி வாரந்தோறும் அகற்றுவதும், அல்லி இலைகளால் நீர்ப்பரப்பில் பாதிக்கு நிழல் தருவதும், ஐந்து நிமிடங்களில் தின்று தீரும் அளவே தீனி இடுவதும் பயன்தரும் வழிகள். புதிதாக ஊற்றும் குழாய்நீரில் குளோரின் நீக்கியைக் கலப்பது இன்றியமையாதது. அகற்றிய பாசியைக் கால்வாயில் எறியாமல், செடிகளுக்கு உரமாக இடுங்கள்.