உள்ளங்கை வியர்வை

தில்லியில் மே மாத வெயிலில் நமக்கு வியர்க்கிறது என்பதே பாதி நேரம் தெரிவதில்லை. காற்றில் ஈரம் கிடையாது. சுரந்த வேகத்தில் வியர்வை காய்ந்துவிடும். சட்டையில் உப்புக்கோடு மட்டும் நிற்கும். ஆகஸ்டில் வெப்பம் குறைவுதான், ஆனால் ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும். இவை இரண்டும் உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் ஏற்பாடு. நான் எழுத வந்தது வேறொரு வியர்வையைப் பற்றி. ஜனவரிக் குளிரில் ஸ்வெட்டருக்குள் உடம்பு நடுங்கும்போதும் சிலருக்கு உள்ளங்கை மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருக்குமே, அது.

எனக்குச் சிறுவயது முதலே அது உண்டு. பரீட்சையில் விடைத்தாளின் மேல் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் கையை வைத்துத்தான் எழுதுவேன்; இல்லாவிட்டால் மை கரைந்துவிடும். கைகுலுக்க யாராவது வந்தால் முந்திக்கொண்டு கும்பிட்டுவிடுவேன். (என்னை மரியாதை தெரிந்தவன் என்று பலர் நினைத்தது இதனால்தான்.) "பயந்தாங்கொள்ளி, அதான் வியர்க்கிறது" என்பார் அப்பா. நானும் அதை நம்பி முப்பது வருஷம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. போன நவராத்திரிக்கு என் பதினான்கு வயது மகள் கோலாட்டத்துக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். கோல் கையிலிருந்து வழுக்குகிறதாம். அன்றிரவு அவள் நோட்டைப் புரட்டினேன். நடுவில் ஒரு கைக்குட்டை மடித்து வைத்திருந்தது. மறுவாரமே தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன்.

அவர் கேட்டவை மூன்றே கேள்விகள். இரண்டு கையிலும் ஒரே மாதிரி வியர்க்கிறதா? தூங்கும்போது நின்றுவிடுகிறதா? குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா? மூன்றாவதற்கு நான் என் கையை நீட்டினேன்.

நம் உடம்பில் இருபது முதல் நாற்பது லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அவை மிக நெருக்கம். அங்குள்ளவை வெயிலைவிட மனத்தின் பரபரப்புக்கே அதிகம் கட்டுப்பட்டவை. நம் விருப்பத்தைக் கேட்காமல் தானே இயங்கும் பரிவு நரம்புகள் அவற்றை முடுக்குகின்றன. சிலருக்கு இந்த முடுக்கம் அளவுக்கு மீறிப்போகிறது. சுரப்பிகளில் கோளாறு எதுவுமில்லை. கோழைத்தனமும் இல்லை. ஆனால் 'கை நனைகிறதே' என்ற கவலை வந்துவிட்டால் அதனாலேயே இன்னும் நனையும்.

இளவயதில் தொடங்கும் இந்த வகையால் உயிருக்கு ஆபத்தில்லை. நடுவயதில் புதிதாக உடம்பு முழுவதும் வியர்த்தாலோ, இரவில் படுக்கை நனைந்தாலோ விஷயம் வேறு. தைராய்டு, காசநோய், சாப்பிடும் மருந்துகள், மாதவிடாய் நிற்கும் பருவம் என்று பல காரணம் இருக்கலாம், பரிசோதனை தேவை. சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுபவருக்குக் கைநடுக்கத்தோடு திடீரென்று குளிர்ந்து வியர்த்தால், சர்க்கரை இறங்கியிருக்கலாம். உடனே இனிப்பு கொடுங்கள். மார்பு அழுத்தத்தோடு வியர்த்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டியதுதான்.

மகளுக்கு அலுமினியம் குளோரைடு கலந்த மருந்து எழுதிக் கொடுத்தார். அது சுரப்பியின் வாயில் ஒரு தற்காலிக அடைப்பை உண்டாக்குகிறது. படுக்கப்போகும்போது பூசி, காலையில் கழுவவேண்டும். இரவில் வியர்வை ஓய்ந்திருப்பதால் மருந்து தங்குகிறது. முதல் நாள் கையைக் கழுவிய ஈரத்தோடு பூசிவிட்டு எரிகிறதென்று குதித்தாள். ஈரம் பட்டால் அமிலம் உண்டாகும், நன்றாகத் துடைத்து உலர்த்திய பிறகே பூசவேண்டும். பவுடர் போடுவதில் புண்ணியமில்லை. பசையாகிக் கையில் ஒட்டும்.

இதற்கும் கேட்காவிட்டால், தண்ணீர்த் தட்டில் கையை வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்தும் சிகிச்சை உண்டு. வாரத்தில் சில நாள், ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் போல. குணம் தெரிந்தபின் இடைவெளி விடலாம். அதற்கென்று உள்ள கருவியில்தான் செய்யவேண்டும், கர்ப்பிணிகளுக்கும் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் கூடாது. மாத்திரையும் இருக்கிறது, வாய் உலரும். போட்டாக்ஸ் ஊசி சில மாதங்கள் பலன் தரும். உள்ளங்கையில் குத்தினால் வலி அதிகம், பணமும் அதிகம். கடைசியாக, மார்புக்குள் நரம்பைத் துண்டிக்கும் அறுவை சிகிச்சை. கை உடனே உலர்ந்துவிடும். ஆனால் பலருக்கு முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் வியர்வை பெருகும், அதைத் திரும்பச் சரிசெய்வது கடினம். நம் ஊர் வெயிலில் கைக்குப் பதில் முதுகு நனைவது என்ன லாபம் என்று எனக்குத் தோன்றுகிறது. மற்றதெல்லாம் பயனில்லை என்று தெரிந்தபிறகே அதை யோசிக்கலாம்.

மகள் இப்போது வாரத்தில் இரண்டு இரவு மட்டும் பூசுகிறாள். அதே பாட்டிலிலிருந்து நானும் எடுத்துக்கொள்கிறேன். ஆபீஸில் கைரேகைக் கருவி என் விரலை ஏற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கிறது. இந்த வருஷக் கோலாட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். எதற்கும் இருக்கட்டும் என்று கோலின் பிடியில் நூல் சுற்றித் தரச் சொன்னாள். சுற்றிக் கொடுத்திருக்கிறேன்.