பயிர்க் காப்பீடும் பக்கத்து வயலும்

ஆயுள் காப்பீடு 1956இலும் பொதுக் காப்பீடு 1973இலும் நாட்டுடைமையாயின. 1999ஆம் ஆண்டுச் சட்டம் தனியாருக்கும் கதவைத் திறந்தது. நிறுவனங்கள் பெருகின. ஆனால் ஜவ்வாது மலையடிவாரத்தில், எங்கள் கண்ணமங்கலம் பக்கத்தில், வானத்தை நம்பி மல்லாட்டை விதைப்பவர்களுக்கு இதனால் என்ன கிடைத்தது?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மல்லாட்டை காய் பிடிக்காமலே காய்ந்தது. பிரீமியம் கட்டியிருந்தும் இழப்பீடு வரவில்லை. "ஏமாற்றிவிட்டார்கள்" என்றார் அப்பா. நானும் அப்படியே நம்பினேன். பொருளாதாரம் படிக்க வந்த பிறகுதான் காரணம் விளங்கிற்று.

பயிர்க் காப்பீட்டில் கணக்கு நம் வயலுக்கு அல்ல, பகுதிக்கு. கிராமம் அல்லது பிர்காவில் சில வயல்களை அறுத்துப் பார்த்துச் சராசரி மகசூலைக் காண்பார்கள். அது குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால், காப்பீடு செய்த எல்லோருக்கும் இழப்பீடு. இல்லாவிட்டால் ஒருவருக்கும் இல்லை. எங்களுக்குப் பொய்த்த மழை பக்கத்து ஊர்களில் பெய்திருந்தது!

இது அநியாயம் அல்லவா எனலாம். ஆனால் 1972இல் தொடங்கிய முதல் திட்டம் ஒவ்வொரு விவசாயியின் இழப்பையும் தனித்தனியே கணக்கிட்டது. 1978-79 வரை அதில் சேர்ந்தவர்கள் 3,110 பேர்தாம். வந்த பிரீமியம் 4.54 லட்சம் ரூபாய். கொடுத்த இழப்பீடு 37.88 லட்சம். எந்த நிறுவனம் தாங்கும்? துண்டு துண்டான நிலங்களை ஒவ்வொன்றாகப் பார்வையிட ஆள் ஏது? ஆகவேதான் பேராசிரியர் தாண்டேகர் 1976இல் பகுதி முறையைப் பரிந்துரைத்தார்.

2016இல் வந்த பிரதம மந்திரி திட்டத்திலும் அதுவே அடிப்படை. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்றவற்றுக்கு மட்டும், 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தால் தனி வயலைப் பார்ப்பார்கள். வறட்சிக்கு அந்த வழி இல்லை.