நியூவர்க்கில் திறந்த மொய் நோட்டு

"இன்டர்வியூ முடிஞ்சிருச்சு!" என்று சொன்ன நொடியிலிருந்து தோழிகள் எல்லாரும் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "உள்ள என்னதான்டி கேட்டாங்க?" சொல்கிறேன், சொல்கிறேன்! கணவன் மனைவியாகக் கிரீன் கார்டு இன்டர்வியூவுக்குப் போய், மூடிய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அந்த 25 நிமிடத்தை முழுசாகச் சொல்லி முடித்தால்தான் எனக்கும் சோறு இறங்கும். வாருங்கள், அப்படியே உள்ளே கூட்டிப்போகிறேன்.

நான் மதுரைப் பெண். அமெரிக்காவுக்குப் படிக்க வந்தவள், அப்புறம் எச்-1பி விசாவில் வேலைக்குச் சேர்ந்தேன். என்னவர் நியூ ஜெர்சியிலேயே பிறந்து வளர்ந்தவர், அமெரிக்கக் குடிமகன். வீட்டில் கற்றுக்கொண்ட தமிழை அழகாகப் பேசுவார். ஆனால் படிக்கத் தெரியாது. இதை முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்!

இந்த இன்டர்வியூவுக்கு ஏன் இவ்வளவு பரபரப்பு? வேலை வழியாகக் கிரீன் கார்டு கேட்கும் இந்தியர்கள், ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பில் சிக்கி ஆண்டுக்கணக்காக வரிசையில் நிற்கிறார்கள். அமெரிக்கக் குடிமக்களின் கணவன், மனைவிக்கு அந்த எண்ணிக்கை வரம்பே கிடையாது. அதனால்தான் அரசாங்கம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறது. கிரீன் கார்டுக்காகப் போலிக் கல்யாணம் செய்தால் 5 ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம் என்று 1986-ல் சட்டமே போட்டுவிட்டார்கள்.

மூன்று அங்குல ஃபைல்

ஐ-130, ஐ-485, ஐ-864 என்று படிவங்களின் பெயரெல்லாம் ரயில் வண்டி எண் மாதிரி இருக்கும். முதலாவது, "இவர் என் மனைவி" என்று அவர் எழுதிக் கொடுப்பது. இரண்டாவது, "எனக்கு நிரந்தரமாக இங்கே இருக்க அனுமதி வேண்டும்" என்று நான் கேட்பது. மூன்றாவது, "இவரை நான் பார்த்துக்கொள்வேன்" என்று அவர் தரும் பொறுப்பு. அதற்கு அவருடைய வருமானம், அரசு வகுத்த வறுமைக்கோட்டில் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். கூடவே மருத்துவப் பரிசோதனை. டாக்டர் ஒட்டிக் கொடுத்த உறையை நாம் பிரிக்கவே கூடாது. கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கி வந்தேன்!

ஆனால் எனக்கு அதிகம் பிடித்த வேலை, கல்யாணத்துக்கான அத்தாட்சிகளைச் சேர்த்ததுதான். இரண்டு பெயரும் உள்ள வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, கார் இன்சூரன்ஸ், சேர்ந்து தாக்கல் செய்த வருமான வரி, கரண்ட் பில். நம் ஊரில் கல்யாணத்துக்கு அக்கினி சாட்சி, பந்தியில் சாப்பிட்ட ஊர் சாட்சி. இங்கே நாங்கள் எந்தக் கடையில் கட்டில் வாங்கினோம் என்ற ரசீது சாட்சி. ஒவ்வொரு தாளையும் பிளாஸ்டிக் உறையில் போடப் போட, "அட, இவ்வளவு வாழ்ந்திருக்கோமா!" என்று இரண்டு பேருக்கும் பூரிப்பு.

கடைசி உறையில் என் பொக்கிஷத்தை வைத்தேன். எங்கள் கல்யாண மொய் நோட்டு! முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, நான்கு மூலையிலும் மஞ்சள், அப்புறம் சித்தப்பாவின் கையெழுத்தில் வரிசை வரிசையாக ஊர், பெயர், தொகை. வேற்று மொழி ஆவணம் எதைக் கொடுத்தாலும், "எனக்கு இரண்டு மொழியும் தெரியும், இது சரியான மொழிபெயர்ப்பு" என்று ஒருவர் கையெழுத்திட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் வைக்க வேண்டும். தோழி ஒருத்தி முதல் இரண்டு பக்கத்தை மொழிபெயர்த்துத் தந்தாள். "மாமன் மொய்" என்பதை ஆங்கிலத்தில் எழுத அவளுக்கு மூன்று வரி தேவைப்பட்டது.

முந்தின ராத்திரி ஒத்திகை

தோசைக்கல் அடுப்பில். கையில் கரண்டியோடு நான் அதிகாரி.

"குப்பை வண்டி என்னைக்கு வரும்?"

"செவ்வாய்."

"செவ்வாயும் வெள்ளியும்ப்பா! போச்சு, நாளைக்கு நம்ம ரெண்டு பேரையும் தனித்தனி ரூம்ல உட்கார வைக்கப்போறாங்க!"

அந்தத் தனி அறை விஷயம் சினிமாக் கதையல்ல, உண்மை. அதற்கு ஸ்டோக்ஸ் இன்டர்வியூ என்று பெயர். நியூயார்க்கில் நடந்த ஒரு வழக்கில் 1976-ல் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டிலிருந்து வந்த பெயர் அது. சந்தேகம் வந்தால் கணவனையும் மனைவியையும் பிரித்து உட்கார வைத்து, ஒரே கேள்விகளை இருவரிடமும் கேட்டு, பதில்களை ஒப்பிடுவார்கள். வித்தியாசம் வந்தால் விளக்கம் சொல்ல வாய்ப்பும் தருவார்கள். கட்டிலில் யார் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அங்கேதான். சாதாரணமாக முதல் இன்டர்வியூவில் இருவரையும் சேர்த்தே உட்கார வைக்கிறார்கள். விசா காலம் கடந்துபோனவர்கள், பழைய வழக்கு ஏதாவது உள்ளவர்கள் மட்டும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்காமல் இன்டர்வியூ படி ஏறவே கூடாது. இதைத் தலையில் அடித்துச் சொல்கிறேன்.

அப்பாவின் பெயர் ஒலித்தது

எடிசனில் ரயில் ஏறி நியூவர்க் பென் ஸ்டேஷனில் இறங்கி, இன்டர்வியூ நடக்கும் பிராட் ஸ்ட்ரீட் 970-ம் எண் கட்டடத்துக்கு நடந்தோம். வயிற்றில் புளியைக் கரைத்தாலும் கால் மட்டும் தரையில் பாவவில்லை! கட்டடத்துக்கு பீட்டர் ரோடினோ பெயர். இதே நியூவர்க்கில் பிறந்தவர். 1974-ல் அதிபர் நிக்சன் மீதான பதவிநீக்க விசாரணையை நடத்திய குழுவின் தலைவர். அவருடைய அப்பா இத்தாலியிலிருந்து வந்து குடியேறியவர் என்பது தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

விமான நிலையம் மாதிரியே சோதனை. பெல்ட்டைக் கழற்று, பையைத் தட்டில் வை. மேலே காத்திருக்கும் கூடத்தில் எல்லார் மடியிலும் ஃபைல்! ஒரு பாட்டி, கைக்குழந்தையோடு ஒரு ஜோடி, கோட் சூட்டில் இரண்டு இளைஞர்கள். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணந்த தம்பதிகளும் இந்த வரிசையில் உட்காரும் உரிமை வந்தது 2013-ல், உச்ச நீதிமன்றத்தின் வின்ட்சர் தீர்ப்புக்குப் பிறகுதான்.

8.30 மணிக்குக் கதவு திறந்தது. அதிகாரி ஒரு பெயரைக் கூப்பிட்டார். என் அப்பாவின் பெயர்! நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் இருப்பது அப்பாதானே. மதுரையில் அப்போது மாலை ஆறு மணி. அப்பா வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும் நேரம். இங்கே பதினைந்து நாட்டுக்காரர்கள் இருந்த கூடத்தில் அவர் பெயர் மணியாக ஒலிக்க, "இருக்கேன்!" என்று தமிழிலேயே எழுந்து நின்றுவிட்டேன்.

அந்த 25 நிமிடம்

சின்ன அறை. ஒரு மேசை, கணினி, எங்கள் விண்ணப்பக் கட்டு. உட்கார்வதற்கு முன்பே வலது கையை உயர்த்தச் சொன்னார்: உண்மை மட்டுமே பேசுவோம் என்ற சத்தியப் பிரமாணம். கல்யாணத்தில் கைப்பிடித்து வலம் வந்தபோது வந்த அதே சிலிர்ப்பு, சத்தியமாக!

எங்கே சந்தித்தீர்கள்? யார் முதலில் வீட்டில் சொன்னது? கல்யாணத்துக்கு எத்தனை பேர்? அவரிடம் என் பிறந்த நாள், என்னிடம் என் மாமியாரின் பெயர். போன சனிக்கிழமை என்ன செய்தீர்கள்? (துணி துவைத்தோம். இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம்!) பிறகு ஐ-485-ல் உள்ள 'ஆம், இல்லை' கேள்விகள் மழையாகக் கொட்டின. கைதானதுண்டா? இனப்படுகொலையில் பங்குண்டா? கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராக இருந்ததுண்டா? இந்தக் கேள்விக்கு ஒரு நொடி மூச்சை இழுத்துக்கொண்டேன். மில் தொழிற்சங்கத்தில் இருந்த தாத்தாவின் தோளில் உட்கார்ந்து செங்கொடி ஊர்வலம் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனால் சட்டம் கேட்பது என் சொந்த உறுப்பினர் அட்டையையும் கட்சித் தொடர்பையும்தான், தாத்தாவுடையதை அல்ல. "இல்லை."

அப்புறம்தான் அதிகாரியம்மா ஃபைலைப் புரட்டிக் கடைசி உறைக்கு வந்தார். "இது என்ன நோட்டு?"

நான் வாயைத் திறப்பதற்குள் என்னவர் முந்திக்கொண்டார். நோட்டைத் தன் பக்கம் திருப்பி, ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாத அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார். "இந்த முதல் வரி இவங்க தாய்மாமா. அவர் எழுதின பிறகுதான் மத்தவங்க எழுதலாம். இது பெரிய அத்தை. இந்த அடிச்சுத் திருத்தின இடம் இருக்கே, அது சித்தப்பா பேனா மையில்லாம நின்ன இடம்." கல்யாணத்தன்று இரவு, எல்லாரும் பாயில் உட்கார்ந்து மொய்ப் பணம் எண்ணினார்கள். அவரும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வரியும் யார் யார் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அத்தனையும் மனசில் இருக்கிறது அவருக்கு! எனக்கே அது அந்த நிமிடம்தான் தெரியும்.

"ஏன் 1,001? அந்த ஒன்று எதற்கு?" என்று கேட்டார் அதிகாரியம்மா. "சைபரில் முடிந்தால் கணக்கு முடிந்துவிடும். ஒன்று வைத்தால் உறவு தொடரும்" என்று நாங்கள் இருவரும் மாற்றி மாற்றி முடித்தோம். அவர் சிரித்தபடி அந்தப் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டார்!

வீட்டுக்கு வந்து யோசித்தபோது புரிந்தது. சட்டம் கேட்பது நீங்கள் எவ்வளவு பொருத்தமான ஜோடி என்றல்ல. தாலி கட்டிய அந்த நாளில், சேர்ந்து வாழ வேண்டும் என்ற எண்ணம் இருந்ததா என்பதுதான். சண்டை போட்டுப் பிரிந்த ஒரு கொரியத் தம்பதியின் வழக்கில், 1975-லேயே நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: பிற்பாடு பிரிந்ததை வைத்து மட்டும் முதல் நாளைப் பொய் என்று சொல்ல முடியாது. அந்த முதல் நாளைக் காட்ட மொய் நோட்டைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்?

ரயிலில் வந்த சேதி

திரும்பும் ரயிலில், மெட்ரோபார்க் தாண்டியதும் போனைத் திறந்தேன். அரசு இணையதளத்தில் எங்கள் வழக்கின் நிலை மாறியிருந்தது: அட்டை தயாராகிறது! பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். அடுத்த நொடி மதுரைக்குப் போன். "என்னடி, முடிஞ்சுதா? முதல்ல சாப்பிட்டியா?" அம்மாவுக்கு அமெரிக்க அரசாங்கம் அப்புறம்தான்.

கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகாததால் எனக்கு வரப்போவது 2 ஆண்டு நிபந்தனை அட்டை. அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் ஐ-751 போட்டு, இன்னும் சேர்ந்து வாழ்கிறோம் என்று மறுபடி காட்ட வேண்டும். எனக்கு அதில் துளியும் கவலையில்லை. தை மாதம் அத்தை மகனுக்குக் கல்யாணம். அத்தை எவ்வளவு எழுதினார் என்று பார்க்க, நேற்றே அந்த நோட்டை ஃபைலிலிருந்து எடுத்துவிட்டேன். திருப்பிச் செய்ய வேண்டுமே! ஊருக்குப் போய், அவர்கள் வீட்டு நோட்டில் ஒரே வரியில் எங்கள் இருவர் பெயரும் எழுதச் சொல்லப்போகிறோம். அந்த வரியை எழுத, பேனா பிடித்து ஒவ்வொரு எழுத்தாகப் பழகிக்கொண்டிருக்கிறார் என்னவர். இப்போதைக்கு 'ம' வரை வந்திருக்கிறார்!